பின்னால் வந்த நாற்காலி

ராஜபாளையத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதமோ விபத்தோ வந்தவர்களுக்குக் குளிக்க, சட்டை போட, சாப்பிட, வெளியே போய்வர மறுபடி பழக்குவது என் வேலை. ஊரில் என்னை எக்சர்சைஸ் டீச்சர் என்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

சோழபுரத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்த்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் பாதி செயலிழந்திருந்தது. என்ன செய்ய ஆசை என்று முதல் நாளே எல்லோரிடமும் கேட்பேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இருக்கும் டீக்கடைக்குத் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கம்பு ஊன்றிக் கொஞ்ச தூரம் நடப்பார். அதற்குமேல் கால் மடங்கிவிடும். அரசு தரும் பேட்டரி சக்கர நாற்காலிக்குப் பரிந்துரைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமுக்கு அனுப்பினேன். கை கால்களைத் தாங்கும் பட்டைகளுக்கு அளவெடுக்க நானும் அன்று அங்கே இருந்தேன்.

பெயர் கூப்பிட்டதும் கம்பை மனைவியிடம் கொடுத்தார். தேய்த்த சட்டையை இழுத்துவிட்டார். மேசை வரைக்கும் நடந்துபோய் நிமிர்ந்து நின்றார். நடக்க முடியுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. டாக்டர் ஆம் என்று குறித்தார். பேட்டரி வண்டி கிடையாது என்றாகிவிட்டது.

அவர் எங்கே போனாலும் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். கால் மடங்கும்போது சட்டென்று போட அது வேண்டும். பஸ்ஸிலும் கொண்டுவருவார். முகாமில் அதைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

கம்பையாவது பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று வெளியே வந்ததும் மனைவி சொன்னார்.

"ஆபீசர் முன்னால எவனாவது கம்ப ஊனிட்டு நிப்பானா?" என்றார் அவர்.

அதன்பிறகு, உதவித் திட்டங்களின் விதிகளைச் சரிசெய்ய மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மையத்தில் மற்றவர்களுக்கு வேலை இருந்ததால் நான் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நடக்க முடியுமா என்று மட்டும் கேட்காமல், எங்கே போக வேண்டும், போனால் திரும்பி வர முடியுமா, கூட வருவது யார் என்று கேட்க வேண்டும் என்றேன். முகாமில் அதை எப்படி அளப்பது என்றார் ஓர் அதிகாரி. முகாமில் முடியாது, வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். ஆள் இல்லை என்றார்கள். டீ வந்தது. கடைசியில், மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பித்தால் மட்டும், தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் அறிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது. சில மாதம் கழித்து அது சுற்றறிக்கையாக வந்தது. நான் பேசியதில் ஒரு வரி அதில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன்.

அவரை மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்த விதிப்படி நான் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். என்னைப் பார்த்ததும் கம்பைச் சுவரில் சாய்த்தார். வழக்கம்போல டீக்கடைக்குப் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றேன். மறுபடி கம்பை எடுத்துக்கொண்டார். மனைவி நாற்காலியை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் வரிசையாகப் போனோம். அவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஒதுங்கிப் போனது.

"என்ன மாமா, சிம்மாசனத்தோட ஊர்வலமா?" என்றான் ஓட்டியவன்.

"வரிசையில வந்து நில்லுலே."

வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்தவரால் அதற்குப்பின் எழ முடியவில்லை. அங்கிருந்து பார்த்தால் டீக்கடை தெரிந்தது. கடையிலிருந்து யாரோ கையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். டீக்கடை வரை போக முடியவில்லை என்று வாசித்துக் காட்டினேன்.

கம்பால் கடையைக் காட்டினார்.

"முடியலைன்னு எழுதாத தாயி. தூரம்னு எழுது."

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். "எனக்கும் தூரந்தான். அதையும் எழுதுங்க."

முதல் வரியை அடித்துவிட்டு, டீக்கடை இருவருக்கும் தூரம் என்று எழுதினேன். எங்கள் படிப்பில் அறிக்கை அப்படி எழுதச் சொல்லித்தரவில்லை. எங்கெங்கே கால் மடங்கியது, நாற்காலியைத் தூக்கி வருவது யார் என்பதையெல்லாம் அதன்கீழே எழுதினேன்.

வண்டி கிடைத்தது. கிடைத்தபின் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. போனேன். அவர் வண்டியில் விலக்கு டீக்கடைக்குப் போயிருந்தார். மனைவி வாசலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவுக வர நேரமாகும் என்றார். எழுந்து நாற்காலியை எனக்குத் தரவில்லை. நான் நின்றுகொண்டே எழுதி முடித்தேன்.