ரோஸ்லினின் கலர் உருண்டைகளும் என் வயிற்றெரிச்சலும்

ரோஸ்லின் இறந்துபோன செய்தி என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து நித்யா போன் செய்து, "அம்மா, ரோஸ்லின் ஆன்ட்டி போயிட்டாங்கம்மா" என்றாள். விம்மி விம்மி அழுதாள். ரோஸ்லினின் மகன் அவளோடு படித்தவன், அவன்தான் தகவல் அனுப்பியிருக்கிறான். எட்டு வருடம் நடுவில் ஒரே ஒரு சுவரை வைத்துக்கொண்டு குடியிருந்தவள் நான். எனக்குச் சொல்லாமல் பெங்களூரில் இருப்பவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த எண்ணம் இதுதான். அடுத்து வந்தது, நாளைக்கு நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்பது.

நம் பிளாக்கின் புத்தாண்டு மலரில் ரோஸ்லினைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் வந்தீர்கள். "நீங்க தமிழ் டீச்சர், பக்கத்து வீட்லயும் இருந்தீங்க, உங்களை விட்டா யாரு?" என்றீர்கள். அவரிடம் இருந்த நல்லதைத்தான் எழுதப்போகிறேன். அந்த நல்லதுதான் எனக்குப் பிரச்சனையாகவும் இருந்தது. இங்கே மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது மனதுக்குள் நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் கணவர் ஜெயராஜ், நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட்டில் இருந்து பர்மனென்ட் ஆனதும், கம்மாபுரம் பக்கத்திலிருந்து எங்கள் அடுத்த குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். அந்த வருடம் வரை ஜனவரி முதல் தேதி நம் பிளாக்கில் என் நாளாகத்தான் இருந்தது. இது உங்களுக்கே தெரியும். நைட் ஷிப்ட் பஸ் வந்து ஆட்கள் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் பார்க்கில் பெஞ்சுகளைப் போட்டு, வீட்டுக்கு ஒரு பலகாரமாகக் கொண்டுவந்து வைப்போம். அதில் என் பாதுஷாதான் முதலில் காலியாகும். மூன்று நாள் முன்பே மாவுக்கு வெண்ணெய் பார்த்து வாங்கி, நிதானமான தீயில் ஒவ்வொன்றாகப் பொரித்து, பாகு பதம் பார்த்து முக்கி எடுத்தது. ரோஸ்லின் அன்று ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்துத் துணியை விலக்கினார். ரோஸ், பச்சை, மஞ்சள், வெள்ளை என்று எலுமிச்சை அளவில் உருண்டைகள். சிலவற்றின் மேல் கலர் தேங்காய்த்துருவல், சிலவற்றின் மேல் கலர் சீரக மிட்டாய், சிலவற்றின் மேல் பிஸ்தாத்தூள். கடித்தால் உள்ளே கருகருவென்று சாக்லேட். பிள்ளைகள் தாம்பாளத்தை மொய்த்துக்கொண்டார்கள். என் மகள் இரண்டு கையிலும் வைத்திருந்தாள்.

"எப்படிங்க செஞ்சீங்க?" என்று நிர்மலா கேட்டார்.

"இன்னா பெரிய வேல. பிஸ்கட்ட பொடிச்சி, டின்னு பாலு ஊத்தி, சாக்லேட்ட போட்டு பெசஞ்சி உருட்டறதுதான். அடுப்பே பத்த வெக்கலீங்க" என்றார் ரோஸ்லின். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் இருந்தபோது கிறிஸ்துமஸுக்குக் கற்றுக்கொண்டதாம். ட்ரஃபிள் என்று அதற்குப் பெயராம். நம் பிளாக்கில் அன்றே அது கலர் உருண்டை ஆகிவிட்டது.

அன்று என் தட்டில் பாதி பாதுஷா மிச்சம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நான் வெந்தது எனக்குத்தான் தெரியும். அடுப்பே பற்றவைக்காத ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் செய்து பார்த்தேன். பிஸ்கட் பொடி, டின் பால், சாக்லேட் எல்லாம் சேர்த்தாயிற்று. ஆனால் நெருப்பே காட்டாத ஒன்றை இனிப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இவள் எதையோ மறைக்கிறாள், பதம் ஒன்று இல்லாமல் இருக்காது என்று நினைத்து, அத்தனையையும் வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றிக் கிளறினேன். உருட்டும்போது கை சுட்டது. ஆறிய பிறகு உருண்டைகள் தரையில் போட்டாலும் உடையவில்லை. என் கணவர் ஒன்றை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, "இதை வெட்டணும்னா மைன்ஸ்ல இருந்து பெரிய மெஷின்தான் வரணும்" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருடம் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் போடும் வேலை என்னிடம் இருந்தது. ரோஸ்லின் பெயருக்கு நேரே 'டீ, குடிதண்ணீர்' என்று எழுதினேன். பட்டியலைப் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான். முதல் தேதி காலையில் பெரிய டிரம்மில் டீயோடு வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் உருண்டை எங்கே, உருண்டை எங்கே என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் பாதுஷாத் தட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "இந்த வருசம் ஆன்ட்டிக்கு ஒடம்பு முடியல கண்ணு. அடுத்த வருசம் ரெண்டு பங்கா செய்யறேன்" என்றார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். காட்டிக்கொடுக்காமல் போனாரே, அந்தப் பெருந்தன்மையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பாதுஷா அன்றைக்கும் மிஞ்சியது.

அதற்கடுத்த டிசம்பரில்தான் 'தானே' புயல் வந்தது. டவுன்ஷிப்பே தலைகீழாகக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தத் தெருவில் நுழைந்தாலும் மரம் விழுந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் ஊரில் கரண்ட் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ரோஸ்லின் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சர், உங்க கைய கொஞ்சம் குடுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நாளைக்கு யாரு பார்க்குக்கு வரப்போறாங்க ரோஸ்லின், மரம்தான் படுத்திருக்கு" என்றேன்.

"வருவாங்க. புள்ளைங்க ரெண்டு நாளா பயந்துகினு வூட்டுக்குள்ளயே கெடக்குதுங்க. ஆளுக்கு ஒண்ணாச்சும் குடுக்கணும்."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அப்போதுதான் சொன்னார். அவருக்குப் பிறவியிலேயே சூட்டுக் கையாம். எடுத்து இரண்டு உருட்டு உருட்டுவதற்குள் சாக்லேட் இளகி விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் கையை முக்கி முக்கித்தான் இதுவரை உருட்டியிருக்கிறார். இப்போது ஃப்ரிட்ஜும் இல்லை, ஐஸும் இல்லை. என் கை எப்போதும் சில்லென்று இருக்கும். ரத்தம் போதாது என்று டாக்டர்கள் திட்டுகிற கை. அதைப் பிடித்துக்கொண்டு, "குடிவந்த அன்னிக்கி சாவி குடுத்தீங்களே, அப்பவே இந்தக் கைய பாத்துட்டேன். எனக்கு இது வாய்க்கலியேன்னு அன்னியிலேந்து ஒரே வயித்தெரிச்சலுங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மெய்யாத்தான் சொல்றேன். நீங்க பாதுஷாவுக்கு ஓரம் மடிக்கறத சன்னல் வழியா பாத்துகினு நிப்பேன். அவ்ளோ மாவு எடுக்கறீங்க, ஒரு துளி கையில ஒட்டாது. கடவுள் இந்தம்மாவுக்குப் போயி குடுத்தாரேன்னு இருக்கும்."

அன்று நான் உருட்டினேன், அவர் கலர்த் துருவலில் புரட்டினார். என் கையில் ஒன்றுகூட இளகவில்லை, ஒட்டவில்லை. சாயங்கால வெளிச்சம் போவதற்குள் இரண்டு தாம்பாளம் நிறைந்துவிட்டது. மறுநாள் விழுந்து கிடந்த மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் தின்றார்கள். "இந்த வருஷம் என்ன ரோஸ்லின், கோலிக்குண்டு மாதிரி ஒரே அளவா இருக்கு?" என்று சரோஜா கேட்டார். ரோஸ்லின் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். ரோஸ்லினுக்கு எடுபிடி என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. பெருமை எல்லாம் அவருக்கே போனது. அதற்கும் நான்தான் பொறாமைப்பட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் டப்பா என் வீட்டுக்கு வரும். ஜெயராஜ் ரிடையர்டாகிக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து கம்மாபுரம் போன பிறகும், பஸ் பிடித்து மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஒன்று, கலவையைத் தன் வீட்டிலேயே பிசைந்து மூடிதான் எடுத்துவருவார். பிஸ்கட்டும் பாலும் சாக்லேட்டும் மட்டுமல்ல, அதில் வேறு என்னவோ இருந்தது. நாக்குக்குத் தெரிந்தது, பெயர் சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "அத மட்டும் கேக்காதீங்க டீச்சர். எல்லாத்தயும் சொல்லிட்டா நீங்க தனியாவே செஞ்சிடுவீங்க. அப்பறம் நான் எதுக்கு வர்றது?" என்றார். பார், எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கோபம்தான் வந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நாம் எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு கம்மாபுரம் போனோம். பெட்டிக்குள் கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. இதிலும் என்னை முந்திக்கொண்டாயா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சொந்தக்காரப் பெண் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அடக்கம் முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் பேசியதையும் இங்கே எழுதியாக வேண்டும். நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலர் உருண்டையில கொஞ்சம் உப்பு போடுவாங்க, அதை என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க" என்றார். சரோஜா உடனே நிமிர்ந்து, "உப்பா? என்கிட்ட டிகாஷன்னுல்ல சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க" என்றார். பின்வரிசையிலிருந்து அமுதா, "எள்ளு வறுத்துப் பொடிச்சிப் போடுவாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன்" என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒன்றாக எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். நான் மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். செத்த வீட்டில், அவ்வளவு துக்கத்துக்கு நடுவில், உங்கள் மூன்று பேர் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்து உப்பு, டிகாஷன், எள்ளு என்று ஒரு தாளில் எழுதினேன். இத்தனை வருடமாக என் நாக்குத் தேடியது அதுதான். இனி யார் தயவும் எனக்குத் தேவையில்லை, இந்த ஜனவரிக்கு நானே தனியாகச் செய்யலாம். பிஸ்கட்டும் பால் டின்னும் வாங்கிக்கூட வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அலமாரியில் இருக்கின்றன. பிரிக்கக் கை வரவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டால் தனியாகச் செய்துவிடுவேன் என்று அவர் பயந்தார். அந்த அளவுக்கு என்னை அவர் நம்பியிருக்க வேண்டாம்.

அவர் விட்டுப்போனதில் உன் பங்கு என்ன என்று பந்தலில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் கணவருக்கு என்மேல் பிரியம் உண்டு. என் மகளுக்குப் பாசம் உண்டு, பள்ளிக்கூடத்தில் மரியாதை உண்டு. ஆனால் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் என் வாழ்க்கையில் ரோஸ்லின் ஒருவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே அதைச் சொன்னார். உப்பும் டிகாஷனும் எள்ளும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். உங்களில் வேறு யாரிடமாவது அவர் இப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.