மாத்திரை வரிசையில் பார்த்த முகம்

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்த முகத்தை வெளியில் எங்கே பார்த்தாலும் பார்க்காதது போலப் போய்விட வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்து, முதல் தடவை அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்ததுமே தானாக வந்துவிடும். திரும்புகிற பஸ்ஸில் அதே முகம் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேருவோம்.

நான் தூத்துக்குடியில் இருந்துகொண்டு மாத்திரைக்குத் திருநெல்வேலி போகிறவள். எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியிலேயே சும்மா கொடுக்கிறார்கள். ஆனால் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிற என்னை இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? என் வீட்டுக்காரர் போனபோது காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம். மகளுக்கும் அதுதான் தெரியும். அந்தக் காய்ச்சலைக் காப்பாற்றத்தான் மாசாமாசம் பஸ் ஏறினேன்.

ஒரு தடவை திருநெல்வேலி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி! அவரும் என்னைப் போலவே ஊர் தாண்டி வந்து நிற்கிறார். அவர் சுவரைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் கடைக்குப் போனால், என்ன வேணும்மா என்று எப்போதும் போலக் கேட்டுச் சீனியை நிறுத்துப் போட்டார். நான்தான் மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். பாவி மனுஷன், எப்படித்தான் அப்படி நிற்க முடிந்ததோ. அதற்குப் பிறகு அவர் மாதத் தொடக்கத்தில் போவார், நான் மாதக் கடைசியில் போவேன். பேசி வைத்துக்கொண்டதில்லை. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது.

நான் கிளம்ப வேண்டிய வாரத்தில் ஊரை அடைத்தார்கள்.

கொரோனா என்றதும் எல்லோரும் எதையெதையோ எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது அந்த நண்பகல்கள்தான். உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் ஓயாத ரோட்டில் வெயில் மட்டும் கிடந்தது. இரைச்சல் அடங்கிப்போனதால், கடலில் நின்ற கப்பல்களின் ஊதல் அடுப்படி வரை வந்தது. தருவைகுளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா வரவில்லை. அவள் வருகிற நேரத்துக்குப் பூனைகள் மட்டும் வந்து, எங்கள் படியில் உட்கார்ந்து, ஆளில்லாத தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று ஒரே குரல் ஆட்டோவில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நாள் அந்த ஆட்டோவை நான் திட்டிக்கொண்டிருந்தபோது, ஆட்டோ எதுவும் வரவில்லையே அம்மா என்றாள் மகள்.

டப்பாவில் மாத்திரை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் உடம்புக்குள் அடங்கிக் கிடப்பது எழுந்துகொள்ளும், பிறகு அதே மாத்திரைக்கு மசியாது. எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்கு யார்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் திருநெல்வேலி ரோட்டில் வருகிற புதுக்கோட்டையில் போலீஸ் மறித்தது. ஆஸ்பத்திரி என்றால் சீட்டைக் காட்டு என்றார்கள். சீட்டு பைக்குள்தான் இருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். திருநெல்வேலி மையத்தில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாவுக்குப் போன் போட்டேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இப்போது யார் போனாலும் தருவார்கள், போங்கள் என்றார். அதுதான் என்னால் முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

மறுநாள் பகலில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார். சாமான்களைப் பையில் போட்டு, கம்பால் தள்ளிவிட்டார். வீட்டில் வந்து கொட்டினால், நான் கேட்காத பொட்டலம் ஒன்று துவரம்பருப்போடு கிடந்தது. தினத்தாளில் மடித்துச் சணலால் கட்டியது. பிரித்தேன். என் மாத்திரை. அதே நிறம், அதே நீளம்.

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். இத்தனை வருஷம் அவரைப் பார்க்காத மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அவரும் அப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எப்போது போகிறேன், எப்போது தீரும், நேற்று ஸ்கூட்டரில் போய் வெறுங்கையோடு வந்தேன் என்பது வரைக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டு, மாத்திரையில் அழுந்தியிருந்த எழுத்துகளை வாசித்துக் காட்டினேன். உங்களுடையதுதான், போடலாம் என்றார். கொடுத்தவருக்குப் போட மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார்.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். முதல் தடவையாக வழக்கத்தை மீறி வாயைத் திறந்தேன்.

"ஒங்களுக்கு இருக்கா அண்ணாச்சி?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குக் கெடக்கு. நீங்க பிள்ளையப் பாருங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இது மெய்யான காய்ச்சல். உடம்பு முழுக்க வெள்ளை உறை போட்ட ரெண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். தெருவே ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தது. வண்டி போனதும் மாநகராட்சி ஆட்கள் கடையையும் அதை ஒட்டிய வீட்டையும் சேர்த்துத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே அவர் மனைவி மட்டும். பிள்ளைகள் இல்லை.

கடற்காற்றில் அந்தத் தகரம் டக் டக் என்று தட்டிக்கொண்டே கிடந்தது. உள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு ஒரே நினைப்புதான். அங்கே ஆஸ்பத்திரியில் அவருக்கு இந்த மாத்திரை உண்டு என்று யாருக்குத் தெரியும்? அவராகச் சொல்கிற ஆளா? ஆலோசகர் அம்மாவிடம் சொன்னேன். வார்டுக்கு நான் பேசி மாத்திரை போகும்படி பண்ணுகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

பெயர் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கடைப் பலகையில் இருப்பது அவர் அப்பா பெயர். அவர் எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் தகரத்துக்கிட்டே போய் நின்றேன். கூப்பிட்டேன். அடியில் இருந்த இடைவெளியில் ரெண்டு பாதம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் பேசினேன். மதினி, அண்ணாச்சிக்கு ஒரு மாத்திரை உண்டு, தினமும் போட வேண்டியது, ஆஸ்பத்திரியில் அது தெரிந்தாக வேண்டும் என்றேன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். தகரம் வெயிலில் முறுகிச் சத்தம் போட்டது.

"தெரியும்ளா. எனக்கும் அதான்."

சுவர் பேசுகிற மாதிரி இருந்தது. நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். சூடு கையைச் சுட்டது.

"ரெண்டு பேருக்கும் அவியதான் போய் வாங்கிட்டு வருவாவ. ஒங்களுக்குத் தீந்திருக்கும்னு சொன்னாவ. அந்தப் பொட்டலம் நாந்தான் கட்டுனேன். அது என்னோடது."

"அப்ப நீங்க?"

"அவியளோடத ஒரு நாள் அவிய, ஒரு நாள் நான்னு போட்டோம். ஊரத் தொறக்க வரைக்கும் தாங்கும்னு நெனச்சோம்ளா."

ஐயோ என்று வந்தது. இப்படிப் பங்கு வைக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லையா? இருந்தார்கள். எனக்குச் சொன்னதுதான் அவர்களுக்கும். ஊர் எத்தனை நாள் அடைந்து கிடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மீதி இருந்ததை எடுத்துவந்து தகரத்துக்கு அடியில் தள்ளினேன். ஒரு கை வந்தது. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனது.

பெயர் வேண்டும் மதினி என்றேன். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை என்றார். பிறகு தகரத்துக்கு வெகு அருகில் வந்து, மூச்சு விடுகிற சத்தத்தில் சொன்னார். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை.

அன்றைக்கே வார்டுக்கு மாத்திரை போய்விட்டது. ஆலோசகர் அம்மா போனில் சொன்னார். நான் தகரத்துக்குப் போய் அதைச் சொன்னேன். அடுத்த வாரம் அண்ணாச்சி செத்துப்போனார். விட்டு விட்டுப் போட்டதாலா, ஒழுங்காகப் போட்டிருந்தாலும் போயிருப்பாரா, யாராலும் சொல்ல முடியாது. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். உடம்பைக் கொண்டுவரவில்லை. மாநகராட்சி ஆள் ஒருவர் தகரத்துக்கு வெளியே நின்று விவரம் சொல்லிவிட்டுப் போனார். மறுபக்கம் அழுகை கேட்கவில்லை. ஒரு சாவு வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராமல் இருந்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

ஆள் போனதும் நான் போனேன். பாதங்கள் அங்கேயே நின்றிருந்தன. மதினிதான் முதலில் பேசினார்.

"ஏளா, ஒங்கிட்ட மாத்திரை இருக்கா?"

எனக்கு உடைந்துவிட்டது. தெருவில் நின்று சத்தம் போட்டு அழுதேன். ஜன்னல்கள் திறந்தன.

"நாளையோட தீருது மதினி. காலைல இங்க பெரியாஸ்பத்திரியிலயே போய், ஒங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வாரேன்."

"எல்லாரும் பாத்துருவாவளேளா."

"பாக்கட்டும் மதினி" என்றேன்.