சிவப்புப் புள்ளி வைத்த திருகாணி

என் தங்கையின் கணவருக்கு ஊரில் 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். வாடகைக் கார் ஓட்டுகிறார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த பழைய டீசல் வண்டி. இருபத்திரண்டு வருடமாக அதே வண்டிதான். எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அது அடங்கும்வரை எண்ணெய் போய்க்கொண்டிருக்க வேண்டும், இன்ஜினை அணைத்தால் எண்ணெயும் நின்றுவிடும் என்பார். சொல்வது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போதும் கண்ணாடியை இறக்கி இரண்டு விரலைக் காட்டுவார்.

பத்தொன்பது வயதில் சாயப்பட்டறையில் சேர்ந்தார். அங்கே கை வெந்தது. பிறகு லாரியில் கிளீனர், அதன் பிறகு டிரைவர். நாற்பதாவது வயதில் இந்தக் கார். பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. எண்ணெய்க் குச்சியை உருவி, துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்தே இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்லிவிடுவார். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தவறியதில்லை, நான் சரிபார்த்திருக்கிறேன். டீசல் நிரப்பும்போதெல்லாம் எனக்குப் போன் வரும்: ஓடிய தூரம் இவ்வளவு, நிரப்பிய லிட்டர் இவ்வளவு. "நீங்க எழுதுங்க மச்சான், நான் ஓட்டுறேன்" என்பார். நீரேற்று நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மணிக்கொரு தரம் அழுத்தமானியைப் பார்த்து எழுதியவன் நான். வகுத்து, லிட்டருக்கு எவ்வளவு என்று குறித்து வைப்பேன்.

போன மார்ச் 4-ஆம் தேதி அவர் வண்டி புகைச் சோதனையில் தோற்றது. அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டிய புகை அளவு எண்பத்திரண்டு. இருபத்தொரு நாளில் மறுசோதனை. அதிலும் தோற்றால் வாடகை உரிமம் ரத்து. இந்த வயது வண்டிக்கு அப்புறம் உரிமம் கிடையாது. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு வேறு வண்டியும் கிடையாது.

"வண்டி போச்சுன்னா நான் என்ன மச்சான் பண்றது? வீட்டு வாசல்ல உக்காந்து போறவன் வர்றவனுக்கு வழி சொல்லணுமா?"

நேரே பம்ப் அக்காவிடம் போனார். டீசல் பம்புகளைச் சரிசெய்யும் அந்தம்மாவுக்கு என் தங்கையைவிட ஒரு வயது குறைவு. ஆனாலும் பட்டறைத் தெருவுக்கே அவர் அக்காதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அவர் அறைக்குள் போக வேண்டும். வெள்ளை ஓடு பதித்த தரை. மேசைமேல் நான்கு கண்ணாடிக் குழாய்கள். பம்பைக் கழற்றி அங்கே மாட்டிச் சுழற்றினால், நான்கு சிலிண்டருக்கும் போக வேண்டிய டீசல் நான்கு குழாயிலும் ஏறும். அக்கா குனிந்து, கண்ணை டீசல் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பார். அளவு சரியானதும் பம்பின் பின்பக்கத் திருகாணியை இறுக்கி, திருகாணியும் நட்டும் சேரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பார். அந்தத் திருகாணியை உள்ளே திருகினால் டீசல் கூடும். யாராவது தொட்டால் புள்ளி உடையும். "என் புள்ளி உடைஞ்சா, அந்த ஆளு இந்தப் படி ஏறக் கூடாது." நான் அறிய மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அன்று அக்கா குனிந்து பார்த்தார். புள்ளி முழுசாக இருந்தது.

"பம்ப் நான் வச்ச மாதிரியே இருக்கு. அப்ப டர்போதான். சக்கரம் தேஞ்சிருக்கும். இந்த மாடலுக்கு இப்ப டர்போ வர்றதில்லைப்பா. இதுவே நல்லா உழைச்சிருச்சுன்னு நினைச்சுக்க."

மாப்பிள்ளை வாயாடி மனிதர்; அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மார்ச் 11-ஆம் தேதி காலை என் தங்கை வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு நகப்பூச்சுப் புட்டி, பாதி காலி.

"அண்ணா, உங்க மாப்பிள்ளை டூல்ஸ் பெட்டியில இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு மருதாணி வாங்கிக் குடுத்ததில்லை அந்த மனுஷன். யாருக்குண்ணா இது?"

"அவரையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். வண்டிக்குன்னாரு. வண்டிக்கு எங்கண்ணா நகம் இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. குறிப்பை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் தொடக்கம் வரை லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர். செப்டம்பர் 20-இல் 16.8. அக்டோபர் நடுவிலிருந்து 16.1; டிசம்பரில் 15.4, ஜனவரி கடைசியில் 14.6. படிப்படியாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றையும் நான்தான் எழுதினேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தங்கையிடம், "பொம்பளை விவகாரம் இல்லை, திருகாணி விவகாரம்" என்றேன். "அது அதைவிட மோசமா?" என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். எண்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்த புட்டியையும் பார்த்தார்.

"பன் வண்டி மச்சான்" என்றார்.

"என்னது?"

"அக்டோபர்ல ஒரு நாள், ஆஸ்பத்திரி மேட்டுல வாத்தியாரம்மாவை ஏத்திக்கிட்டுப் போறேன்." வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு இவர் அழைத்துப்போகும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். "வண்டி கொஞ்ச நாளாவே இழுக்கலை. மிதிச்சா மூச்சு வாங்குது. பின்னாடியிருந்து ஒரு வண்டி என்னைத் தாண்டிப் போச்சு. என்ன வண்டின்னு நினைச்சீங்க? பன்னு ஏத்திக்கிட்டுப் போற வண்டி! அந்தம்மா வேற, 'பரவாயில்லை, அவங்களுக்கு என்ன அவசரமோ' ன்னாங்க. பன்னுக்கு என்ன மச்சான் அவசரம்?"

மறுநாளே ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவருமாக அந்தத் திருகாணியைக் கொஞ்சம் உள்ளே திருகியிருக்கிறார். இழுவை வந்தது. கொஞ்ச நாளில் அது போதவில்லை. இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும். ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, அக்கா வைத்த மாதிரியே புதுப் புள்ளி. நிறம் ஒத்துவருவதற்காகக் கடைகடையாக ஏறி, நான்காவது கடையில் வாங்கினாராம்.

"கடைக்காரப் பொண்ணு, 'யார் கைக்கு சார்?' ன்னு கேட்டா. பம்புக்குன்னா சொல்ல முடியும்?"

"அக்கா உங்க புள்ளியை அவங்க புள்ளின்னு நம்பித்தானே டர்போவைச் சொன்னாங்க?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா படி ஏறக் கூடாதும்பாங்க. அவங்களை விட்டா இந்த வண்டியைத் தொட வேற யாருக்கு மச்சான் தெரியும்? சொன்னாலும் வண்டி போச்சு, சொல்லலைன்னாலும் வண்டி போச்சு."

"நான் வேணா சொல்லவா?"

புட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம். திருகினது என் கை."

மறுநாள் கூடவே போனேன். செருப்பைக் கழற்றிய பிறகும் அவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அங்கிருந்தே சொன்னார். பன் வண்டியையும் விடவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியால் சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தார்.

"எவ்வளவு திருகினே? கால் சுத்தா, அரைச் சுத்தா?"

"கணக்கு வைக்கலைக்கா. மூணு தடவை."

"நான் என் புள்ளியைப் பாத்துட்டு, நல்லா இருக்கிற டர்போவுக்குச் சாவுச் சீட்டு எழுதினேன்." குரல் உயரவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல நான் தப்பாச் சொன்னது இதுதான். அதையும் நீதான் சொல்ல வச்சே."

நான் குறிப்பை நீட்டினேன். அக்கா அதை வாங்கி நின்றபடியே படித்தார். அவர் விரல் செப்டம்பர் 20-இல் நின்றது.

"இவர் திருக ஆரம்பிச்சது அக்டோபர்ல. அதுக்கு முன்னாடியே குறைஞ்சிருக்கே?"

எனக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அக்கா விளக்கை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்தார். கால் மணி நேரம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாயில், கிளாம்ப் கவ்வியிருந்த இடத்துக்கு அடியில் ஒரு கிழிசல். நிற்கும்போது மூடிக்கொள்ளும், மேட்டில் மிதித்தால் வாய் திறக்கும்.

"காத்து இங்கே ஓடிப்போயிருக்கு. மூச்சு முட்டுறவனுக்கு நீ என்ன பண்ணியிருக்கே? வாயில இன்னும் ரெண்டு கவளம் திணிச்சிருக்கே. புகையாம என்ன பண்ணும்?"

வேறு குழாய் மாட்டினார். பம்பைக் கழற்றிக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து அளவைப் பழையபடி ஆக்கினார். எல்லாம் முடிய ஐந்து நாள். புள்ளி வைத்தாரா என்று பார்க்க மாப்பிள்ளை இன்ஜின் பக்கம் குனியவே இல்லை. வைத்திருந்தார். நான் பார்த்தேன்.

மார்ச் 19, மறுசோதனை. நாற்பத்தொன்று. அந்தச் சீட்டை மாப்பிள்ளை பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். படிக்குக் கீழே நின்று நீட்டினார்.

"எண்ணெய் மாத்த எப்பக்கா வரணும்?"

"பத்தாயிரம் ஓடினதும் வண்டி வரட்டும்."

"சரிக்கா."

"வண்டின்னுதான் சொன்னேன். நீ வராதே."

அதனால் ஜூலை 16-ஆம் தேதி, 9,870 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டியைப் பட்டறைத் தெருவுக்கு ஓட்டிப்போனது நான். மணிக்கு முப்பதைத் தாண்டவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மாப்பிள்ளை வழியெல்லாம் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். தெருமுனை டீக்கடையில் இறங்கிக்கொண்டார். வேலை முடிய ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்து பார்த்தபோது அவர் முன்னால் மூன்று காலி டம்ளர்கள்.

"என்ன மச்சான் சொன்னாங்க?"

"வடிச்ச எண்ணெய் நல்லா இருந்துச்சாம். ஓட்டுறவன் ஒழுங்கா ஓட்டியிருக்கான்னாங்க."

"ஓட்டுறவன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"பேரைச் சொல்லலையா?"

"சொல்லலை."

டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சாவிக்குக் கையை நீட்டினார்.

"அடுத்தது நவம்பர்ல வரும்" என்றார். "அப்பவும் நீங்கதான் ஓட்டணும். கொஞ்சம் நாப்பதாவது போங்க மச்சான், மானம் போகுது."