யார் வீட்டுக்கு யார் முதலில்

புத்தாண்டு என்றால் உறவுகள் கூடிக் குலாவும் நாள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்களுக்கு உறவினர்களே கிடையாது போலும். எங்களுக்கு இருந்தார்கள்.

நாங்கள் கடல் தாண்டிய ஒரு கரும்புத் தீவில், ரோஸ் பெல் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிற இடத்தில் வேலை. அப்பாவின் தம்பி ரோஸ் ஹில்லில் தையல்காரர். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பெண் எடுத்திருந்தார்கள், அக்காவையும் தங்கையையும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பந்தம் பேசிய புண்ணியவான் ஜோடியை மாற்றிக் கட்டிவிட்டார். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. ஜாதகம் அப்படித்தான் பொருந்தியதாம். அண்ணனுக்கு வாய்த்த தங்கைதான் என் அம்மா.

ஜனவரி முதல் தேதி, வருடப்பிறப்பன்று, சிறியவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது யார் சிறியவர்? கூடப் பிறந்த முறையில் பெரியம்மா மூத்தவள். ஆகவே அம்மா போக வேண்டும். வாழ்க்கைப்பட்ட முறையில் அம்மா மூத்த மருமகள். ஆகவே பெரியம்மா வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, மூத்த ஓரகத்தி என்ற மரியாதைக்குத் தன் சொந்தத் தங்கையையே ‘அக்கா’ என்று கூப்பிடவும் வேண்டும். இரண்டு பேர் கட்சியும் நியாயம். ஒரு குடும்பத்தில் இரண்டு நியாயம் சேர்ந்தால் அந்தக் குடும்பம் உருப்பட்ட மாதிரிதான்.

அம்மாவின் அப்பா உயிரோடு இருந்தவரை வம்பில்லை. மோகாவில் அவர் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டுக் கலைந்தோம். அவர் கண்ணை மூடிய பிறகு வந்த வருடப்பிறப்பில் அம்மா கோழிக்குழம்பு வைத்தாள், சீனர் கடையில் லிமொனாடு சோடா வாங்கி வைத்தாள், கூடை நிறைய லிச்சிப்பழம் வைத்தாள், வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரோஸ் ஹில்லில் பெரியம்மாவும் இதையே செய்துகொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. சாயங்காலம் இரண்டு வீட்டிலும் கோழி மிஞ்சியது. அடுத்த நாளும் அதையே சுடவைத்துத் தின்றோம்.

இப்படி ஆறு வருடம். தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி அப்பாவும் அவர் நண்பர்களும் பேசும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவையெல்லாம் சில வாரத்தில் முடிந்துபோன சமாச்சாரம். எங்கள் வீட்டு வேலைநிறுத்தத்தின் பக்கத்தில் அவை நிற்கவே முடியாது.

எங்கள் பேச்செல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோலில்தான். தமிழ் என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது கோயில் பாட்டு கொஞ்சம், பண்டிகைப் பெயர்கள் கொஞ்சம், உறவுமுறைச் சொற்கள் ஒரு பிடி. கப்பலேறி வந்தவர்கள் கரும்புக் காட்டில் கிடந்து காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரு பிடியை நாங்கள் சண்டை போடத்தான் பயன்படுத்தினோம். ரோஸ் ஹில்காரியை ‘சித்தி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். சித்தப்பாவின் மனைவி சித்திதானே. அங்கே பெரியம்மா தன் பிள்ளைகளிடம், அம்மாவின் தங்கை சித்திதானே என்று அதே உத்தரவைப் போட்டிருந்தாள். ஆக, இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டுக்காரிதான் சித்தி. கோயிலில் எதிர்ப்பட்டால் பிள்ளைகள் நாங்கள் ‘தாந்தீன்’ என்று கிரியோலில் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அந்த மொழியில் எல்லா அத்தை, சித்தி, பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே சொல். என்ன நிம்மதியான மொழி!

ஆண்கள் இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற கியூர்ப்பிப் சந்தையில் சந்தித்து, வயிறாரத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களைப் போல் வீடு திரும்பினார்கள். இதற்கு வீரம் என்று பெயர் இல்லை. ஆனால் உடம்புக்கு நல்லது.

ஆறாம் வருடம் டிசம்பரில் ரோஸ் ஹில்லுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். எங்கள் தீவின் குளிர்காலமான ஜூலையில் பெரியம்மா காய்ச்சலில் இருபது நாள் படுத்திருந்தாளாம். பிழைத்தது பெரிய காரியமாம். அப்பாவுக்கு இது முன்பே தெரியும் என்பது அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்த வேகத்திலேயே தெரிந்தது. அம்மா துணி துவைக்கப் போனாள். அன்று அவள் கல்லில் அடித்த அடியில் என் நல்ல கவுன் ஒன்று கிழிந்தது. நான் போய் நின்றபோது, என்னிடம் சொல்கிறாளா கல்லிடம் சொல்கிறாளா என்று தெரியாமல் சொன்னாள்:

“நான் பார்க்காமலே அவ போயிருந்தா?”

அதற்குமேல் அவள் அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

வருடப்பிறப்பன்று ரோஸ் ஹில் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அக்காவைப் பார்க்க அல்ல, அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. காத்தோ பத்தாத் அளவுக்கு மீறிச் செய்தாகிவிட்டது, கெட்டுப்போகும், அதனால்தான். கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப்பூ வைத்து மடித்துப் பொரித்த அந்தப் பண்டம் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருந்தது. அளவுக்கு மீறிச் செய்தவள் அவளேதான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முதல் வண்டிக்கே அம்மா தயார். அப்பா மட்டும் சட்டைப் பொத்தானைத் தேடினார், பிறகு சப்பாத்தைத் தேடினார், அது காலிலேயே இருந்தது. முதல் வண்டி போய்விட்டது. இரண்டாவது வண்டியில் ஏறினோம். ரோஸ் பெல்லில் வெயில், கியூர்ப்பிப்பில் வழக்கம்போல் மழை. அங்கே எதிர் வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி நின்றது. எதிர் வண்டி வந்து பக்கத்திலேயே நின்றது.

கைக்கெட்டும் தூரத்து ஜன்னலில் பெரியம்மா. மெலிந்துபோயிருந்தாள். புதுச் சேலை, மடியில் ஒரு பிஸ்கட் தகரம்.

அம்மாவின் வாய் பாதி திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும். “அக்கா” என்ற கூப்பாடு எதிர் ஜன்னலிலிருந்துதான் வந்தது. ஐந்து வயது மூத்தவள் தன் தங்கையைப் பார்த்துக் கூப்பிட்டாள். அதன் பிறகுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது, அவளும் “அக்கா” என்றாள். இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஒரு சொல்லையே சொன்னார்கள். பெட்டியில் இருந்தவர்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

எல்லோரும் இறங்கினோம். அழுது, மூக்கைச் சிந்தி, கட்டிப்பிடித்து முடித்ததும், நம்பினால் நம்புங்கள், சண்டை ஆரம்பித்தது. உன் வீட்டுக்குத்தான் நான் வருவேன் என்றாள் அம்மா. கிளம்பியது நான், உன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றாள் பெரியம்மா. இதற்குள் இரண்டு வண்டியும் போய்விட்டன. அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்து தகரங்களைத் திறந்தார்கள். எங்கள் குடும்பத்து ஆண்கள் சந்தையில் கூடிப் பேசி மூளையைச் செலவழித்ததற்கு, அப்பா பொத்தான் தேடித் தேடிப் பிடித்த அந்த இரண்டாவது வண்டி ஒன்றுதான் சாட்சி.

எந்த வண்டி முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் போவது என்று கடைசியில் முடிவாயிற்று. ரோஸ் ஹில் வண்டி வந்தது.

பெரியம்மா வீட்டில் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்க, அம்மா கதை சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வருடம் முந்திக்கொள்ளக் கூடாது என்று இருந்தவளுக்கு இப்போது முந்திக்கொண்டதில்தான் பெருமை. விட்டுக்கொடுப்பதிலும் முதலிடம் வேண்டும். ஜன்னலில் அக்காவைப் பார்த்ததும் மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டு முதலில் கூப்பிட்டது தான்தான் என்றாள். எனக்குத் தாங்கவில்லை. இல்லையே, என்று தொடங்கிவிட்டேன்.

பெரியம்மா என் தலையில் கையை வைத்து அழுத்தினாள்.

“அவதான் முதல்ல கூப்பிட்டா. அதைக் கேட்டுத்தான் நான் திரும்பியே பார்த்தேன்” என்றாள் எல்லோரிடமும்.

அம்மா கதையை அதோடு நிறுத்திவிட்டாள். முடிவே சொல்லவில்லை. யாரோ சாப்பிட்டு வைத்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் ஆகியும் வராததால் நான் போய்ப் பார்த்தேன். கழுவி முடித்த தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.