பாட்டில்லாமல் எரிந்த விளக்குகள்

மாரியப்பன் இறந்த செய்தியை முதலில் சொன்னவை அவர் செய்த விளக்குகள்தாம். எங்களுக்குத்தான் புரியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், திருத்தங்கல் ஆலயத்தில் நான் நடத்தும் பாடற்குழுப் பயிற்சி. ஒரு பாட்டு முடிந்து, அடுத்ததற்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. தூரத்தில் 'தொம்' என்றது. நான்கு வரிசை விளக்குகளும் ஒன்றாக எரிந்து அணைந்தன. நம் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஏதோ ஒரு பட்டாசு ஆலையில் வெடித்துச் சோதிக்கிறார்கள் என்று நினைப்பதுதான் வழக்கம். "இன்னைக்கு மாரியப்பன் வரட்டும், பேசிக்கிடுதேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. நாரணாபுரத்தில், பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டது. அவர் வேலை பார்த்த அறை.

அவர் நம் சபைக்காரர் இல்லை. மைக்கைப் பழுதுபார்க்க வந்தவர், பாட்டைக் கேட்டு நின்றுவிட்டார். கோயில் கொடையில் கழித்துப்போட்ட சீரியல் பல்புகளையும் பழைய ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து, பட்டாசுப் பெட்டி அட்டையில் வரிசை வரிசையாகக் கோத்தார். கனத்த குரலுக்குச் சிவப்பு எரியும், மெல்லிய குரலுக்கு நீலம். முதல் நாள் நாம் பாடப் பாட அது ஆடியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களே! "நாங்க செய்யுத கலரு ஒருக்கா எரிஞ்சா போச்சு, டீச்சர். இது நீங்க பாடுத வரைக்கும் எரியும்" என்றார்.

ஆனால் வெடிச் சத்தத்துக்கும் அது எரிந்தது. ஜெபப் பாட்டின் நடுவே பளீரென்று எரிந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தின வாரம் எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டேன்.

"சத்தம்னா சத்தந்தான, டீச்சர்? பாட்டு எது, வெடி எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவப்படாதீக. சனிக்கிழமை வேலை விட்டு வந்து சரிபண்ணித் தாரேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் அது. உடனே திரும்பிப் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு மனிதர் செத்த சத்தத்துக்கு நான் எரிச்சல்பட்டேன். அது என்னை விட்டுப் போகாது.

போன வாரம் வேறொரு எலக்ட்ரீஷியன் வந்தார். வெடிக்கு எரியாதபடி செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாரியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழுதைத்தான். இப்போதும் 'தொம்' என்றால் நான்கு வரிசையும் எரிகின்றன. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் புகை என்று பார்க்கிறோம். வேலைக்குப் போன அவரவர் வீட்டு ஆட்கள் போனை எடுத்த பிறகுதான் அடுத்த அடியைப் பாடுகிறோம்.