காட்சி 9: இயந்திரம் தன்னையே பார்க்கிறது

என் எட்டாம் வகுப்பு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது: "ஜூலை, கடைசி வியாழன். காட்சி 9 முடிந்தது. சித்தி டைப் அடித்து பிரின்ட் எடுத்துத் தந்தாள். இனி நான் எழுத்தாளர்." தேதியும் இல்லை, வருடமும் இல்லை. தேதி போடாத காகிதத்தை யாராவது நீட்டினால் இன்று முகம் சுளிக்கிறவள் நான். அந்தச் சுளிப்பு முதலில் இந்த நோட்டைப் பார்த்துத்தான் வந்தது.

அப்போது நாங்கள் கோவில்பதாகையில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, கொரட்டூர் ஸ்டேஷன் அருகே ஒரு டிடிபி கடையில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்கள், எழுதப்போவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் வருவார்கள். அடித்ததைத் திருத்துவார்கள், திருத்தியதைக் கிழிப்பார்கள். கழித்துப்போட்ட தாள்களைச் சித்தி கட்டாகக் கட்டி, பின்பக்கத்தில் கணக்குப் போட எனக்குக் கொண்டுவருவாள். நான் கணக்குப் போடாமல் முன்பக்கத்தைப் படித்தேன்.

திரைக்கதை எழுத நான் கற்றது அப்படித்தான். யாரும் சொல்லித்தரவில்லை. தாளின் இடது பாதியில் கண்ணுக்குத் தெரிவது, வலது பாதியில் காதுக்குக் கேட்பது. மேலே இடம், பொழுது, உள்ளேயா வெளியேயா என்ற விவரம். எல்லாம் நிகழ்காலத்தில்தான் இருக்க வேண்டும். எப்போதோ நடந்ததைக்கூட 'நடக்கிறது' என்றுதான் எழுத வேண்டும். ஒரு தாளில் 'அவன் தன் தவறை நினைத்து வருந்துகிறான்' என்ற வரியை யாரோ சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில், "நெனைக்கிறது கேமராவுக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டிருந்தார். கேள்வி என்னைத்தான் கேட்டது போல இருந்தது. பல நாள் யாரும் என்ன நினைக்கிறார்கள் என்று யோசிப்பதையே விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தாள்களில் இருந்ததெல்லாம் காதலும் அரிவாளும். எதிர்காலத்தை ஒருவரும் எழுதவில்லை. ஆகவே அது எனக்கு என்று ஒதுக்கிக்கொண்டேன். முதல் காட்சியின் தலைப்பு: 'அம்பத்தூர். வருங்காலம். காலை.'

வருங்காலத்துக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. இயந்திரம் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் காக்கிச் சட்டை, நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை. அந்த மாதம் நிரந்தரமாக்க ஆறு பேரின் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது, அதில் அப்பா பெயரும் உண்டு, ஆகஸ்ட் முதல் வாரம் கடிதம் வரும் என்று பேச்சு. அம்மா எதிர்வீட்டில் சொல்லியாயிற்று. நீலத்தைக் காக்கியோடு சேர்த்து ஊறவைத்தால் சாயம் ஏறுமா என்ற விசாரணைகூட நடந்து முடிந்திருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், உங்கள் கம்பெனியில் ரோபோ இருக்கிறதா என்று.

"ரோபோலாம் இல்லம்மா. ஆனா மெஷினுக்குக் கண்ணு கீது."

"கண்ணா?"

"ஆமா. கைய உள்ள உட்டா பாத்துடும். பாத்ததும் நின்னுடும். எவ்ளோ பெரிய மெஷினு, கைய பாத்தா பயந்துக்கும்."

"எப்பவுமே பாக்குமா?"

"மாசக் கடைசில பாக்காது." அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நின்னு நின்னு ஓடுனா டார்கெட்டு வராதுல்ல. சைக்கிள் மட்கார்டுல செவப்பா ஒண்ணு பளபளக்குதே, அத்த எடுத்து அதுங் கண்ணுக்கு எதுர்ல கட்டிருவாங்க. அப்பால அது தன்னையே பாத்துகினு இருக்கும். கை வர்றது தெரியாது."

"சாப்புடற நேரத்துல புள்ளைக்கு இன்னா கதை சொல்ற நீ?" என்றாள் அம்மா.

"கதைதான கேக்குது" என்றார் அப்பா.

இந்த உரையாடல் நோட்டில் அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு வரி: 'அப்பா சாப்பிடவில்லை. கை கழுவுகிறார்.' கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் விதிப்படி எழுதியது. என் மனம் முழுக்க அந்த இயந்திரத்தில் இருந்தது. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். அப்பாவுக்கு இவ்வளவு கற்பனை உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. விஞ்ஞானக் கதை எழுதும் திறமை எனக்கு அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

எழுதிய பத்துக் காட்சிகளில் ஒன்றை மட்டும் டைப் அடித்துத் தருவதாகச் சித்தி ஒப்புக்கொண்டாள். முதலாளி டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஒன்றுதான் முடியுமாம். ஒன்பதாவதைக் கொடுத்தேன். அதில் மெஷின் நம்பர், மணி, யார் பார்த்தார் என்பதெல்லாம் பிறகு அப்பாவைக் கேட்டு நிரப்பியவை.

'உள்ளே. பகல். பிரஸ் ஷாப். மாதக் கடைசி, மணி பத்து இருபது. இரண்டாம் நம்பர் இயந்திரம். ஒருவர் அதன் கண்ணுக்கு எதிரில் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கட்டுகிறார். சூப்பர்வைசர் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரம் தன்னையே பார்க்கிறது. காக்கிச் சட்டை போட்டவரின் கை உள்ளே போகிறது.'

அவ்வளவுதான். பத்தாம் காட்சியில் இயந்திரம் வாய் திறந்து தமிழில் பேசும், மாத்திரை அளவு பெட்ரோலில் வானத்தில் பறக்கும். அது நோட்டில் மட்டும் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிவிட்டு வந்து சீருடைகூட மாற்றவில்லை. முதலில் சித்தி வந்தாள், கடையில் இருக்க வேண்டிய நேரத்தில். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு மனிதர். அவருக்கும் பின்னால் அப்பா, தன் வீட்டுக்கே விருந்தாளி போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு. ஃபைலோடு வந்தவர் அப்பா கம்பெனியின் பர்சனல் ஆபீசர் என்று சித்தி அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

ஆபீசர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். என் காட்சி 9. அச்சில் முதன்முறையாக வெளியுலகம் கண்ட என் எழுத்து.

"திங்கட்கிழமை காலையில கேன்டீன் போர்டுல ஒட்டியிருந்துச்சு" என்றார். "யார் எழுதினதுன்னு பேர் இல்ல. இந்த மாதிரி மொட்டைக் கடுதாசி எங்களுக்குப் புதுசு இல்லம்மா. ஆனா இவ்ளோ சுத்தமா, எந்த மெஷின், எத்தனை மணி, யார் பார்த்தான்னு எழுதினது இதான் முதல் தடவை."

சித்தி கழித்துப்போட்ட தாளில்தான் அச்செடுத்திருந்தாள்; அவர் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே மழையில் நனைந்தபடி ஒரு காதலனும் காதலியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அடியில் டிடிபி கடையின் பெயர். அதை வைத்துத்தான் கொரட்டூருக்குப் போய்ச் சித்தியைப் பிடித்திருக்கிறார். சித்தி ஒளிக்கத் தெரியாமல், "எங்க அக்கா பொண்ணு எழுதுனது சார், படம்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. நீலச் சட்டை போய்விட்டது, அதை நான் எழுதிப் போக்கிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது. ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். பத்தாம் காட்சியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"மெஷின் பேசுது" என்றார்.

"ஆமா சார். இது சயின்ஸ் ஃபிக்‌ஷன்."

"சரி, அந்த ரிஃப்ளெக்டர் விஷயம் உனக்கு யார் சொன்னா?"

அப்பா சொன்னார் என்று பெருமையாகச் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "நானா யோசிச்சேன் சார். நெஜத்துல அப்டிலாம் நடக்காது" என்றேன்.

பிறகு அம்மா, அடுப்படி நிலையில் சாய்ந்தபடி, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "சொல்லுங்க சார், குழந்தை சொல்றது கரீட்டுதான? நெஜத்துல அப்டிலாம் நடக்காதுல்ல?"

ஆபீசர் நோட்டையே பார்த்தார். நடக்கும் என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நடக்காது என்றால் அது வெறும் கதை. கதைக்காக யாரையும் வேலையைவிட்டு எடுக்க முடியாது. அவர் நோட்டை மூடும்போது அதிலிருந்து ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது. அதுவும் காட்சி 9. சித்தி எனக்குக் கொடுத்த பிரதி.

"எத்தனை காப்பி போட்டீங்க?" என்று சித்தியிடம் கேட்டார்.

"ரெண்டு சார். ஒண்ணு மை இழுவிக்கிச்சு. குப்பைல போட்டேன். எவன் பொறுக்கினு போனானோ."

கட்டில்மேல் கிடந்த தாளில் மை எங்கும் இழுவியிருக்கவில்லை. அதை நான் பார்த்தேன். ஆபீசரும் பார்த்தார். அவர் நோட்டைத் திருப்பித் தந்து, "நல்லா எழுதுற. வேற ஏதாவது எழுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் ஐந்து பேருக்குக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டாம் நம்பர் இயந்திரத்துக்குக் கம்பிவலைக் கதவு போட்டு, கண்ணைப் பூட்டுக்குள் வைத்துவிட்டதாக ஒரு நாள் அப்பா சொன்னார், ஏதோ மழை பெய்தது என்பது போல. நான் அந்த வருடம் முழுக்க ஒரு காட்சியும் எழுதவில்லை. அப்பா காக்கிச் சட்டை போட்டுக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் நான் முகம் கழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் மீதியை அப்பா சொல்லக் கேட்டேன். நான் ரோபோவைப் பற்றிக் கேட்ட அந்த நாளில், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கு இரண்டாம் நம்பர் இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போயிருந்தன. அவர் அஜாக்கிரதையாக இருந்ததாகக் கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள், பட்டியலில் பெயர் இருந்த அப்பா போட்டுவிட்டார். சொல்லும்போது அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளைப் போர்டில் ஒட்டியது யார் என்று அப்போது கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? உங்க சித்திய கேளு" என்று எழுந்து போய்விட்டார்.

சித்தியைக் கேட்டேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா, அதாவது என் அப்பா, கடைக்கு வந்ததாகவும், "புள்ள எழுதுனத எனக்கு ஒண்ணு குடு, படிக்கணும்" என்று கேட்டதாகவும், தான் கம்ப்யூட்டரில் இருந்ததை இன்னொரு தடவை பிரின்ட் எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னாள். தேதி போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டபோது, அப்படித் தான் சொல்லவே இல்லை என்றாள், அப்பா கொரட்டூர் கடைக்கு ஒரு முறைகூட வந்ததில்லை என்றாள். அதையும் தேதியோடு எழுதியிருக்கிறேன். இரண்டில் எது உண்மை என்பது இதுவரை உறுதிப்படவில்லை.