தட்டிப் பார்த்த பந்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன என் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் என் கைச்சோற்றில்தான் வளர்ந்தார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய் ஐந்து பேரையும் ஆளாக்கினேன். யார் முன்னாலும் தலை குனிந்தது கிடையாது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்; அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இது அவளுடைய அப்பாவைப் பற்றியது. என் மூத்த மகன். சென்னையில் பெரிய உத்தியோகம். அங்கே கோல்ஃப் ஆடப் பழகிக்கொண்டான். நீள மட்டையால் சின்ன வெள்ளைப் பந்தை அடித்து, தூரத்தில் இருக்கும் குழியில் விழ வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இந்த வருஷம் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். "நடங்க, மெதுவா விளையாடுங்க, கோவம் மட்டும் ஆகாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தான், மட்டைப் பையோடு.

வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லை சும்மா கிடந்தது. அதில் குழி தோண்டி என் பழைய ஊறுகாய் ஜாடியை வாய் மட்டும் தெரியப் புதைத்தான். ஓரம் கோணிப்போனது என்று கம்பெனியில் கழித்துவிட்ட ஜாடி அது. பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்தாள்.

"என்னக்கா, மெட்ராஸு ஆபீசரு கொல்லையில களை வெட்டுறாரா?"

"களை வெட்டல, ஜாடியில பந்து போடுறான். நீ போயி ஒன் வூட்டு அடுப்பப் பாரு."

வாயால் பதில் சொன்னேனே தவிர, எனக்குள் பயம். அடி தப்பினால் அவன் முகம் சிவந்துபோகும். "முன்ன எவ்ளோ தூரம் அடிப்பேன் தெரியுமா? இப்ப ஒண்ணுத்துக்கும் ஒதவாதவனா ஆயிட்டேன்" என்று மட்டையை வீசுவான். வீசிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொள்வான். அந்தக் கை நெஞ்சுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஆட வேண்டாம் என்றாலும் கோபம். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அவன் அடித்த பந்து ஜாடிப் பக்கம் போகாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. என் கை சும்மா இருக்குமா? எடுத்தேன். முந்தானையால் மண்ணைத் துடைத்தேன். காதோரம் வைத்து நகத்தால் தட்டினேன். கம்பெனியில் சூளையிலிருந்து வரும் சாமான் ஒவ்வொன்றையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்போம். கீறல் இருந்தால் சத்தம் செத்துப்போகும்.

"ஐயோ, அம்மா! ஆட்டத்துல கெடக்குற பந்தத் தொடக் கூடாதும்மா!"

"கீறல் வுட்டிருக்குதான்னு பாத்தேன்டா. சத்தமே வரல. இது தேறாது, கழிச்சுடு."

மட்டையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பின் நடுவே கை நெஞ்சுக்குப் போனது. பதறி எழுந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, ஒக்காரு. இவ்ளோ சிரிச்சும் வலிக்கல."

பந்தை வாங்கிக்கொண்டவன், "சூளை பிரிக்கறப்ப மொத சாமான என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

சூளை பிரிக்கும்போது முழுசாகக் கைக்கு வரும் முதல் சாமானைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எத்தனை உடைந்திருந்தாலும் சரி, அதற்கு முன்னால் உடைந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்ன வயதில் எனக்குச் சோறு கொண்டு வரும்போது அவன் அதைப் பார்த்திருக்கிறான்.

நான் பதில் சொல்வதற்குள் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "கையத் தூக்க முடியுது. நிக்க முடியுது. நீ எதுருல ஒக்காந்திருக்கிற. இன்னும் என்னம்மா வேணும் எனக்கு?"

அடித்தான். பந்து ஜாடியைத் தாண்டி வேலிக்குள் போய்விட்டது. மட்டையை வீசவில்லை. "நல்லாத்தான் போவுது" என்று சொல்லிக்கொண்டே அதன் பின்னால் நடந்தான்.

அதிலிருந்து முதல் பந்தைக் கண்ணில் ஒற்றாமல் அவன் ஆடுவதில்லை. அப்புறமும் அடி தப்பத்தான் செய்தது, கோபம்தான் வரவில்லை. போன வாரம் திருச்சிக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். எல்லாம் சரியாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்றார். திரும்பும்போது வேப்பூரில் இறங்கி டீ குடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு டீயின் ருசி தெரிந்தது.

நாளைக்குச் சென்னைக்குக் கிளம்புகிறான். ஜாடியைத் தோண்டி எடுக்காதே, அது அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் கொல்லையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறான்.

"ஏ பாப்பா, எழுதுனது போதும். மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. வாய்க்குள்ளயே முணுமுணுக்காத, கொல்லையில இருக்குற ஒங்கப்பனுக்கும் கேக்கட்டும்."